ஆறாம் நம்பர் அறைக்கு ஆள் வேண்டும்

சகாயமேரிக்கு உட்கார வராது. மரக்காணம் பஸ் நிலையத்துக்கு நாலு கட்டடம் தள்ளியிருக்கும் கடலரசி லாட்ஜில் பத்தொன்பது வருஷமாக மேனேஜர் வேலை பார்க்கிறாள். மேனேஜர் என்றால் சாவி கொடுப்பது, வெந்நீர் போடச் சொல்வது, வெளுத்து வந்த விரிப்பை வெளிச்சத்தில் பிடித்துக் கறை பார்ப்பது, எல்லாமும்தான். அவள் மாடிக்கும் கீழுக்குமாக ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு, சமையல் செய்யும் சின்னப்பாப்பா, இவள் காலில் சக்கரம் கட்டியிருக்கிறது என்பாள். ஆனால் இந்த வருஷம் சித்திரை பிறந்ததிலிருந்து அவள் நடந்தது வேலைக்காக இல்லை. வேலை இல்லாததால் நடந்தாள்.

மரக்காணத்தில் லாட்ஜா, அங்கே யார் தங்குவார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரில் பறக்கிறவர்கள் அவர்கள். பாண்டிச்சேரி போய்ச் சேர்ந்துதான் மூச்சே விடுவார்கள். அவர்களை நம்பி லாட்ஜ் நடத்தினால் கொசுதான் தங்கும். கடலரசியில் தங்கியவர்கள் எல்லாரும் வேலையாய் வந்தவர்கள். உப்பு வாங்க வரும் கம்பெனி ஆட்கள், இறால் தீவனம் விற்பவர்கள், மருந்துக் கம்பெனி ரெப்புகள், எடைமேடை ரிப்பேருக்கு வருகிறவர்கள். மேரிக்கு அவர்கள் பெயரைவிட பழக்கம்தான் ஞாபகம் இருக்கும். ஒருவருக்கு ஃபேன் சத்தம் ஆகாது. ஒருவருக்கு விடியற்காலை நாலரைக்கே டீ வேண்டும். ஆறாம் நம்பர் அருள்மொழி சாருக்குச் சட்னியில் பச்சை மிளகாய் கண்ணில் படக்கூடாது.

அருள்மொழி, சென்னையில் ஒரு பெரிய உப்புக் கம்பெனியின் கொள்முதல் அதிகாரி. பதினோரு வருஷமாக மாதத்தில் நாலைந்து நாள் ஆறாம் நம்பரில்தான் இருப்பார். பையை வைத்துவிட்டு நேராக உப்பளத்துக்குப் போவார். குவியலில் கைவிட்டு ஒரு பிடி உப்பை அள்ளி இறுக்கி மூடித் திறப்பார். காய்ந்த உப்பு என்றால் பொலபொலவென்று கொட்டிவிடும். தண்ணீர் வடியாத உப்பு என்றால் உள்ளங்கையில் அப்பிக்கொண்டு மினுங்கும். பேரம் அதற்குப் பிறகுதான். அவர் பின்னாடியே கம்பெனியின் கணக்கர், லாரி ஏற்பாட்டுக்காரர் என்று இன்னும் ரெண்டு மூன்று பேர் வருவார்கள். லாட்ஜின் மாத வருமானத்தில் பாதி அந்த ஒரு கம்பெனியால் வந்தது.

பிறகு மந்தம் வந்தது. பேப்பரில் பெரிய பெரிய வார்த்தையில் எழுதியிருந்தார்கள். மேரிக்குப் புரிந்தது ஒன்றுதான்: மந்தம் என்றால் கம்பெனிக்காரன் முதலில் ஆபீஸ் பிஸ்கட்டை நிறுத்துவான், அடுத்தது டூரை நிறுத்துவான். ரெப்புகள் வருவது நின்றது. தீவனக்காரர்கள் போனிலேயே ஆர்டர் எடுத்தார்கள். உப்புக் கம்பெனி, குவியலைப் போட்டோ பிடித்து அனுப்பு போதும் என்று அளக்காரர்களிடம் சொல்லிவிட்டது. உப்பு விற்கப் போனால் மழை பெய்கிறது, உமி விற்கப் போனால் காற்றடிக்கிறது என்பார்களே, அந்தக் கதைதான். பதினான்கு அறையில் பன்னிரண்டு பூட்டிக் கிடந்தது. மேரி தினமும் பன்னிரண்டையும் திறந்து, ஜன்னலைத் தள்ளி, விசிறியைப் போட்டுப் பார்த்து, மறுபடி பூட்டினாள். எதற்கு இது என்று சின்னப்பாப்பா கேட்டதற்கு, ஆள் வந்தால் வாசனை வரக்கூடாது என்றாள்.

முதலாளி வெங்கடாசலம் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டாவது ஆறலாம். ஆன்லைனில் சாமான் அனுப்பும் ஒரு கம்பெனி கட்டடத்தைக் குடோனுக்குக் கேட்கிறது, ஆனி பிறப்பதற்குள் பதில் சொல்ல வேண்டும், அதற்குள் அறை நிறைய ஒரு வழி தெரிந்தால் பார்ப்போம், இல்லாவிட்டால் என்னால் தாங்காது என்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். மேரியோடு சேர்த்து ஆறு பேருக்கு அங்கேதான் சோறு. அன்றிலிருந்து அவளுக்கு வீட்டிலும் இருப்பு கொள்ளவில்லை. அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு வாசலுக்குப் போவாள், வாசலிலிருந்து குழம்புக்கு ஓடி வருவாள். புருஷன் பிரபு அளத்தில் லாரிக்கு லோடு ஏற்றுகிறவன், எட்டுப் பேர் சேர்ந்த செட்டு. இவள் இப்படிப் பறப்பதைப் பார்த்துவிட்டு அவன் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்ச் சாப்பிட்டான்.

வைகாசியில் திண்டிவனத்தில் லாட்ஜ் உரிமையாளர் சங்கக் கூட்டம் நடந்தது. வெங்கடாசலம் துணைச் செயலாளர். துணைக்கு மேரியையும் கூட்டிப் போனார். வேலைப் பயணத்தை நிறுத்தாதீர்கள் என்று கம்பெனிகளைக் கேட்டுக்கொள்ளும் வேண்டுகோள் ஒன்றைச் சங்கம் தயாரித்திருந்தது. 'பயணம் செலவல்ல, முதலீடு' என்று தலைப்பு. பக்கத்தில் ஒரு விமானப் படம் வேறு. அந்த மண்டபத்தில் இருந்த எவர் லாட்ஜுக்கும் விமானத்தில் வந்து இறங்கியவர் கிடையாது. அந்த வேண்டுகோளை அறுபது கம்பெனிகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி ஒரு வாரம் ஆகியிருந்தது. பதில் வந்ததைத் தலைவர் வாசித்தார். மூன்று கம்பெனி கட்டைவிரல் காட்டியிருந்தது. ரெண்டு கம்பெனி கும்பிட்டிருந்தது. ஒன்று ரோஜாப்பூ போட்டுக் காலை வணக்கம் சொல்லியிருந்தது. வேறு படம் போட்டு மறுபடி அனுப்பலாம் என்று தலைவர் முடிப்பதற்குள் மேரி எழுந்துவிட்டாள்.

"நேர்ல வாங்கன்னு போன்ல சொல்றோம் சார். உங்க பொண்ணு கல்யாணத்துக்கு இப்படி ஒரு மெசேஜ் தட்டிவிட்டா எத்தினி பேர் வருவாங்க? வெத்தல பாக்கு வெச்சு வீட்டுப் படியேறி அழைச்சாதானே வருவாங்க."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வெங்கடாசலத்துக்கு முகம் சிவந்துவிட்டது. திரும்பும் வழியில் பஸ்ஸில் பாதி கோபமும் பாதி கேலியுமாக, அப்படியானால் நீயே போய் அழைத்துவிட்டு வா என்றார். அவர் விளையாட்டுக்குச் சொன்னார். அவள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் காலை முதல் பஸ்ஸில் ஏறினாள். வயர் கூடையில் எவர்சில்வர் தட்டு, வெற்றிலை, கொட்டைப்பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், கல்கண்டு. அதோடு ரெண்டு பிளாஸ்டிக் கவரில் ரெண்டு குவியலின் உப்பு. மேரி ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரக் குடும்பத்துப் பெண்தான். ஆனாலும் அழைப்பு என்றால் அந்தக் கரையில் எல்லாருக்கும் வெற்றிலைதான். திருவான்மியூரில் இறங்கி வேறு பஸ் மாறிக் கிண்டிக்குப் போனாள். கண்ணாடிக் கட்டடத்தின் வாசலில் காவலாளி தட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கல்யாணமா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டாள்.

அருள்மொழி கீழே இறங்கி வந்தார். பாதி இளைத்திருந்தார். பதினோரு வருஷம் வெயிலில் அலைந்த மனிதரை ரெண்டு மாதமாகத் திரைக்கு முன்னால் உட்கார வைத்திருந்தார்கள். தட்டைப் பார்த்ததும் அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தட்டை நீட்டினால் வாங்காமல் இருக்க முடியாது. ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கூச்சத்தில் குரலைத் தாழ்த்தி, போன மாதம் மரக்காணத்திலிருந்து வந்த லோடில் ரெண்டு ஈரமாக வந்துவிட்டது, மேலே ஒரே சத்தம், நீங்கள் வந்த நேரம் நல்ல நேரமா கெட்ட நேரமா தெரியவில்லை என்றார். அப்படியே தட்டோடு அவளை மேலே கூட்டிப் போனார்.

அவருக்கு மேலதிகாரி சத்யப்ரியா. முப்பது வயது இருக்கும். மரியாதையாக உட்காரச் சொன்னாள். மேரி நின்றுகொண்டே பேசினாள். ரெண்டு கவரையும் மேஜைமேல் வைத்தாள். உப்பைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பதால் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டாள். முதலில் ரெண்டையும் போட்டோ எடுத்துப் பார்க்கச் சொன்னாள். போனில் ரெண்டும் ஒரே வெள்ளை. பிறகு ரெண்டையும் பிடித்து இறுக்கிப் பார்க்கச் சொன்னாள். சத்யப்ரியா ஒரு கையை உதறியதும் சுத்தமாக இருந்தது. இன்னொரு கையை உதற உதற ஒட்டிக்கொண்டு மினுங்கியது. அதை டிஷ்யூவால் துடைத்தபடி நிறைய நேரம் பார்த்தாள். ஜெயித்துவிட்டோம் என்றே மேரி நினைத்தாள்.

"கரெக்ட்தான். ஆள் நேர்ல பாக்கணும்" என்றாள் சத்யப்ரியா. "ஆனா அதுக்கு எதுக்கு இங்கேருந்து ஆள் அனுப்பணும்? நீங்கதான் அங்கேயே இருக்கீங்களே. உங்களுக்கு உப்பு தெரியுது. மாசச் சம்பளம் போட்டுடறோம். நீங்க பாத்து ஓகே சொல்லுங்க."

அருள்மொழி தட்டைப் பிடித்தபடி நின்றார். அவர் முகத்தைப் பார்க்க மேரிக்குத் தைரியம் வரவில்லை. மாதச் சம்பளம். கம்பெனி வேலை. லாட்ஜ் எப்படியும் மூடத்தான் போகிறது, ஆறு பேரில் ஒருத்தியாவது கரையேறட்டுமே என்று மனசு ஒரு நொடியில் கணக்குப் போட்டுவிட்டது. ஆசையாக இருந்தது. பொய் சொல்வானேன், ரொம்ப ஆசையாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு குவியலின் முன்னாலும் தான் போய் நிற்பதை நினைத்துப் பார்த்தாள். அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் யார் நிற்பார்கள் என்பதும் கூடவே வந்தது.

"மேடம், என் வூட்டுக்காரரு அந்த அளத்துலதான் லோடு ஏத்துறாரு. என் அண்ணன் தம்பிங்க, பக்கத்து வூடு, கோயில்ல கூட உக்கார்றவங்க, எல்லாம் அங்கதான். நான் வேணாம்னு சொன்னா அன்னிக்கு அவங்க வூட்ல ஒல வெக்கமாட்டாங்க. நான் எப்படி வேணாம்னு சொல்லுவேன்? நான் விக்கிறவங்க ஊரு மேடம். வாங்கறவங்க ஆளுதான் வந்து பாக்கணும்."

சத்யப்ரியா அவளை நிமிர்ந்து பார்த்தாள். இதைச் சொல்லாமலே வேலையை வாங்கியிருக்கலாமே என்றாள். வாங்கியிருக்கலாம்தான் என்றாள் மேரி. யோசிக்கிறோம் என்று பதில் வந்தது. யோசிக்கிறோம் என்றால் என்ன அர்த்தம் என்பது லாட்ஜ் நடத்துகிறவளுக்குத் தெரியாதா.

திரும்பும் பஸ்ஸில் அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. கோவளத்தில் தன்னைத் தானே பைத்தியக்காரி என்று திட்டிக்கொண்டாள். மகாபலிபுரத்தில் போனை எடுத்தாள், மேடம் நான் வருகிறேன் என்று சொல்லிவிடலாம் என்று. கல்பாக்கத்தில் போனை உள்ளே வைத்தாள். கடப்பாக்கத்தில் மறுபடி எடுத்தாள். பக்கத்தில் இருந்த பெண், எங்காவது இறங்க வேண்டுமா என்று கேட்டுவிட்டாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து நடந்ததைப் பிரபுவிடம் மறைக்காமல் சொன்னாள். அவன் திட்டவில்லை. மாதச் சம்பளமா என்று மட்டும் கேட்டான். கேட்டுவிட்டுக் கைகால் கழுவப் போனான். அந்த ஒரு கேள்வி அவளை ஒரு வாரம் தூங்கவிடவில்லை.

பத்தாம் நாள் கம்பெனியிலிருந்து வெங்கடாசலத்துக்குப் போன் வந்தது. சீசன் முடியும்வரை மாதம் ஐந்து நாள், மூன்று பேர். பழையபடி இல்லை, ஆனாலும் சும்மா கிடப்பதற்கு இது எவ்வளவோ. வெங்கடாசலம் ரெண்டு நாள் யோசித்துவிட்டு, கீழ்த்தளத்தைக் குடோனுக்கு விட்டு மாடியை லாட்ஜாகவே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தார். ஆறு பேரின் வேலையும் தப்பியது. சின்னப்பாப்பா மேரியைக் கட்டிக்கொண்டு அழுதாள். மேரிக்கு அழக்கூட நேரமில்லை, விரிப்பு வெளுக்கப் போடணும் என்று ஓடினாள்.

ஆனி முதல் திங்கட்கிழமை அருள்மொழி வந்தார். பையை வைத்துவிட்டு அளத்துக்குப் போனார். மத்தியானம் சாப்பாட்டுக்கும் வரவில்லை. மேரி ஏழெட்டு முறை வாசலுக்கு வந்து பார்த்தாள்.

சாயங்காலம் வாசலில் வந்து நின்றது பிரபு. வேலை நாளில் அந்த நேரத்தில் அவன் லாட்ஜ் பக்கம் வருவதே கிடையாது. தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் சுருட்டி வைத்திருந்தான்.

"உங்க சாரு எங்க குவியல வேணாம்னுட்டாரு. பத்து நாள் கழிச்சுப் பாக்கறேன்னாரு. வந்த லாரி அப்படியே அடுத்த அளத்துக்குப் பூடுச்சு. எட்டுப் பேருக்கும் இன்னிக்கு வேல இல்ல."

இந்த ஆளை நீதானே படியேறிப் போய் அழைத்துவந்தாய் என்று அவன் சொல்லவேண்டியதில்லை, மேரியே நினைத்துக்கொண்டாள். கடைசியில் ஒன்றைக் கேட்டாள்.

"ஈரமா இருந்துச்சா?"

பிரபு சாலையைப் பார்த்தான். பாண்டிச்சேரி பஸ் ஒன்று வந்து, யாரையோ இறக்கிவிட்டுப் போனது.

"இருந்துச்சு" என்றான். பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "காலையிலேருந்து வெயில்ல நிக்கறாரு அந்த மனுசன். வெந்நி போட்டு வை" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தான்.