சாரட்டுக் கொட்டகையின் மாடி

டெல்லிஸ் பெரியம்மா துடைத்த தரையில் கால் வைக்க எங்கள் ஊரில் எல்லோரும் ஒரு கணம் யோசிப்பார்கள். டாஸ்மேனியாவின் ஆட்டுப் பண்ணைகளில், ரோமம் கத்தரிக்க வருகிறவர்களுக்கு இருபது வருடம் சமைத்துப் போட்டவள். அந்த வேலை குறைந்தபோது, பழைய மாளிகையின் குதிரை லாயத்தை வாங்கியிருந்த கேவின் ஸ்டரக் அவளைத் துப்புரவுக்கு வைத்துக்கொண்டார்.

லாயம் கல்யாண மண்டபமாகியிருந்தது. குதிரைகள் நின்ற தடுப்புகள் கழிப்பறைகள். தீவனத் தொட்டிகளில் பீர் பாட்டில்கள் ஐஸில் கிடக்கும். சாரட்டுகள் நுழைந்த வளைவுக்குக் கண்ணாடிக் கதவு. மேலே வைக்கோல் பரண்தான் நடனக்கூடம். அதன் நடுவில், கூரையிலிருந்து இரண்டு இரும்புக் கம்பிகள் இறங்கித் தரைக்குள் போயின. ஆடுகிறவர்கள் இடித்துக்கொள்கிறார்கள் என்று மே மாதம் கேவின் அவற்றை அறுத்தெடுத்தார். வைக்கோல் சரியாமலிருக்கப் போட்டவை என்று அவர் நினைப்பு.

பெரியம்மாவின் மகள் பிரென்னாவுக்கு அங்கேதான் சனிக்கிழமை கல்யாணம். வியாழக்கிழமை மாடியைத் துடைத்தபோது, எப்போதும் சுவரோரம் ஓடும் தண்ணீர் நடுவில் போய் நின்றது. வழித்துத் தள்ளினாள். திரும்பி வந்து நின்றது. கட்டடப் பொறியியல் படித்த எனக்குப் போன் செய்தாள்.

“ரோவன், நீ படிச்சது இதுக்குத்தானே? வந்து பாரு.”

சுவருக்குச் சுவர் நூல் கட்டிப் பார்த்தேன். நடுவில் இரண்டு விரல்கடை இறங்கியிருந்தது. கீழே போனேன். பெரிய உத்தரத்தின் அடியில், அந்தக் கம்பிகளின் முனைகளில், வெள்ளையடித்த இரும்புத் தகடும் திருகும் இருந்தன. கீழே சாரட்டு திரும்ப இடம் வேண்டுமென்று தூணே வைக்காமல், மாடியின் நடுப்பகுதியைக் கூரையிலிருந்து தொங்கவிட்டிருக்கிறார்கள். அறுத்தது அந்தப் பிடியைத்தான். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். கேவினிடம் போய் இதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

“நூத்தம்பது வருஷம் நின்ன கட்டடம்பா. நேத்து காலேஜ் முடிச்சிட்டு வந்து பயமுறுத்தாத” என்றார் கேவின்.

“நின்னது கம்பியோட, மிஸ்டர் ஸ்டரக்.”

“அறுத்தப்புறம் மூணு கல்யாணம் ஆயிடுச்சு. விழுந்துச்சா?”

நகராட்சிக்குப் போன் செய்தேன்; திங்கட்கிழமைதான் பார்வையிட ஆள் வருவார் என்றார்கள். பிரென்னா பெரியம்மாவிடம் கத்தினாள்: “என் கல்யாணத்துல கூட தரையப் பத்தித்தான் பேசுவியா?”

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குத் தொண்ணூறு பேர் மாடியேறினார்கள். பெரியம்மா ஏறவில்லை. நீலத் தொப்பியோடு ஒரு நாற்காலியை இழுத்து, கீழே உத்தரத்துக்கு நேர் அடியில் போட்டு உட்கார்ந்தாள்.

“எழுந்திரு பெரியம்மா!”

“ஆடட்டும். நான் இங்கதான் இருப்பேன்னு அவகிட்ட போய்ச் சொல்லு.”

பாட்டு தொடங்கியது. தொண்ணூறு ஜோடிக் கால்கள் ஒன்றாக மிதித்தன. ஈரக் கயிற்றை முறுக்குவது போல உத்தரம் முனகியது. நீலத் தொப்பியில் சுண்ணாம்புத் தூள் விழுந்தது. நான் மாடிக்கு ஓடிப் பிரென்னாவிடம் சொன்னேன்.

பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பிரென்னா எனக்கு முன்னால் இறங்கி வந்தாள். “மானத்த வாங்குறியேம்மா! எழுந்திரு!” பெரியம்மாவை இழுத்த அவள் கையின் மேலும் தூள் விழுந்தது. அண்ணாந்து பார்த்தாள். மேல்தளம் தணிந்து, எழும்பி, மறுபடி தணிந்தது. பிரென்னா திரும்பி ஓடினாள். படியில் பாதி ஏறிக் கூவினாள்:

“பாட்ட நிறுத்துங்க! எல்லாரும் இறங்குங்க. ஓடாதீங்க, சுவரோரமா வாங்க!”

“கேக் மேலயே இருக்கே!” என்றார் மாப்பிள்ளையின் சித்தப்பா.

“போய் எடுத்துட்டு வாங்க. உங்க பொண்டாட்டிய நாங்க பாத்துக்கறோம்” என்றான் இசைக்குழுவின் மேளக்காரன்.

எல்லோரும் முற்றத்தில் நின்றோம். பெரியம்மாவின் கையைப் பிரென்னா விடவேயில்லை. மாடியில் கேவின் மட்டும். வைக்கோல் ஏற்றும் அகலமான கதவு திறந்திருந்ததால் அவர் முழுதாகத் தெரிந்தார். முகம் சிவந்திருந்தது.

“பாருங்க! ஒண்ணும் ஆகல!” என்று நடுவில் நின்று குதித்தார். கீழே கண்ணாடிக் கதவு அதிர்ந்தது.

“கேவின், சுவர்ப் பக்கமா வந்துடுங்க” என்றாள் பெரியம்மா. குரலில் கோபமே இல்லை.

அவர் இன்னும் உயரமாகக் குதித்தார்.