சிங்கம் காப்பாற்றிய உடம்பு

அக்கிக்கு என் மாமியாரிடம் ஒரே வைத்தியம்தான். மண்பானை செய்கிறவர் வீட்டுக்குப் போய், காவியைக் குழைத்து, கொப்புளத்தின் மேல் சிங்கம் எழுதிக்கொண்டு வருவது. என் கணவருக்கு விலாவில் அக்கி வந்தபோதும் அப்படித்தான் எழுதினார்கள். சில வாரங்களில் காய்ந்தது. எழுதாவிட்டாலும் காய்ந்திருக்கும் என்றேன். அத்தை பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் விலங்கியல் எடுக்கிறவள். தச்சநல்லூரில் இருக்கும் அந்த வீட்டில் அதுதான் என்னிடம் பெரிய குறை. வாயைத் திறந்தால் படித்த திமிர், மூடினால் கல்லுளிமங்கி.

சில மாதம் கழித்து மறுபடியும் அக்கி, இந்த முறை தோளில், முன்னைவிட மோசமாக. போன தடவை சிங்கத்துக்கு வால் சரியாக விழவில்லை என்று அத்தை காரணம் கண்டுபிடித்து, மறுபடி எழுதவைத்தார். எனக்கு வேறு காரணம் தோன்றியது. சின்ன வயதில் வந்த அம்மைக் கிருமி நரம்புக்குள் ஒடுங்கிக் கிடக்கும். உடம்பின் காவல் தளர்ந்தால் அக்கியாக எழும்பும். வயதானவர்களுக்கு அது சகஜம். முப்பத்தைந்து வயதுக்காரருக்கு அடுத்தடுத்து ஏன் வரவேண்டும்? எச்.ஐ.வி.யும் சேர்த்து ரத்தம் பார்த்துவிடுவோம் என்று சாப்பாட்டு நேரத்தில் சொல்லித் தொலைத்தேன்.

"ஏட்டி, எம்புள்ள என்ன தெருப்பொறுக்கியா? பாபநாசத்துல எதிர்நீச்சல் போடுதான். அவனுக்கா சீக்கு?" என்றார் அத்தை. அவர் பிள்ளையோ தலையைக் குனிந்து ரசம் ஊற்றிக்கொண்டார்.

ரத்தம் கொடுக்கும்வரை என் அறைக்குள் வரவேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். கடைசியில், என் மூக்கை உடைப்பதற்காகவே, அத்தைக்குத் தெரியாமல் வந்து கொடுத்தார். நோய் இருந்தது. எனக்கும் பார்த்தார்கள், இல்லை. சில மாதம் விட்டு மறுபடி பார்த்தும் இல்லை. எங்கிருந்து வந்தது என்று அவர் சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவருடைய ரத்தத்தில் காவல் செல்களின் எண்ணிக்கை அப்போது அவ்வளவு மோசமில்லை. அதையே பிடித்துக்கொண்டார். எண்ணிக்கைதான் இருக்கிறதே, மாத்திரை எதற்கு என்று மருத்துவரிடமே வாதாடினார். பதிலை நான் சொன்னேன். இந்தக் கிருமி முக்கியமாகப் புகுவது மற்ற காவல் செல்களை ஏவுகிற உதவி டி செல்லுக்குள். குடலில் இருக்கும் கூட்டத்தை ஆரம்பத்திலேயே சூறையாடிவிடும். ரத்தத்தில் மிஞ்சியவை எண்ணிக்கைக்கு இருக்கும்; ஆனால் பழைய எதிரியைக் கண்டால் முன்போலப் பெருகாது, மற்றவற்றுக்குச் சரியாகச் சேதி சொல்லாது. எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விட்ட ஆபீஸ் மாதிரி. ஆள் வெளியே வாட்டசாட்டமாகத் தெரிவதும் இந்தக் கட்டத்தில்தான். மருத்துவர் தலையாட்டினார், இன்றைக்கே தொடங்குங்கள் என்றார்.

தன் அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்ற ஒரு நிபந்தனையோடு அவர் தொடங்கினார். நானும் வாக்குக் கொடுத்தேன்.

இப்போது அவருக்கு ஒரு குறையுமில்லை. சோதனையில் கிருமி தென்படாத அளவுக்கு அடங்கிவிட்டது. அதற்கான பெயரெல்லாம் சிங்கத்துக்குப் போயிற்று. போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். அவருடைய வாலிப மகனுக்கு இரண்டாவது தடவை அக்கி.

"வால ஒழுங்கா எழுதச் சொல்லு. அந்தச் சிங்கந்தான் எம்புள்ளைய காப்பாத்துச்சு. இவ ரத்தம் பாக்கணும்னு குதிச்சா. பாத்தோமா? இப்ப எப்படி இருக்கான் பாரு," என்றார் அத்தை.

அக்கி வந்தவர்களுக்கெல்லாம் பெரிய நோய் இருக்காது, ஆனாலும் ஒருமுறை ரத்தம் பார்த்துவிடுங்கள் என்று அந்த அக்காவிடம் சொன்னேன். அத்தை சிரித்தார். அக்காவும் சேர்ந்து சிரித்தார். நான் என் கணவரைப் பார்த்தேன். நானும் ரத்தம் பார்த்தேன் என்று அவர் சொன்னால் போதும், அந்தப் பையன் பிழைத்துக்கொள்வான். நோயின் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

"எங்கம்மை சொல்லுத மாதிரியே செய்யுங்கக்கா," என்றார்.

சொல்லிவிட்டு, அன்றைய மாத்திரையைப் போட உள்ளே போனார்.