கோஷி யார்?

ஜப்பானுக்குக் கிளம்புவதற்கு முந்தின ஆறு மாசமும் எஸ்தர் தன் புருஷன் விமல்ராஜின் உடம்பில்தான் பாடம் படித்தாள். அங்கே முதியோர் இல்லத்தில் வேலை. எங்கே வலிக்கிறது என்று கேட்க உறுப்புகளின் பேரெல்லாம் மனப்பாடமாக வேண்டும். சாயப்பட்டறையிலிருந்து வந்து உட்கார்ந்தவனின் தலையைத் தட்டி "அதாமா" என்பாள். காதைத் திருகி "மிமி". தோளில் குத்தி "கத்தா". இடுப்புக்குக் கை வந்ததும் அவன் நெளிந்து, சிரித்து, எழுந்து ஓடிவிடுவான். அத்தனை கூச்சம். "சரி வுடு, முட்டிக்குப் போவோம்" என்று அவளும் தாண்டிவிடுவாள்.

அவள் போய்ப் பதினாலு மாசம். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் வீடியோவில் பேசுவார்கள். "நல்லா கீறன்பா" என்பதற்கு மேல் தன்னைப் பற்றிச் சொல்லமாட்டாள். நடுவில் கூடத் தங்கியிருக்கும் பெண்கள் ஏதாவது கேட்பார்கள். அந்தப் பாஷையிலேயே பதில் சொல்வாள். அதில் ஒரு பேர் அடிக்கடி அடிபட்டது. கோஷி.

பட்டறையில் கூட வேலை செய்யும் முத்துக்குமாரிடம் கேட்டான்.

"கோஷியா? அது கேரளாக்காரன் பேருபா."

"ஜப்பான்ல ஏதுடா கேரளாக்காரன்?"

"நர்சுங்க இருக்கிற எடத்துல அவங்க இல்லாம இருப்பாங்களா? நீ சாயத் தொட்டியப் பாரு, அரக்குக் கலரு கருப்பா பூடப்போவுது."

அன்று சாயங்காலம் அவள் விட்டுப்போன நோட்டை எடுத்தான். அவள் கையெழுத்தைப் பார்க்கவேண்டும்போல் இருக்கிறபோது எடுப்பதுதான். இன்றைக்குச் சண்டைக்குப் போகிறவன் மாதிரி எடுத்தான். ஓர் ஆள் படம், அம்புக்குறிகள், தமிழில் எழுதின ஜப்பான் வார்த்தைகள். அதாமா, மிமி, கத்தா. அதற்குக் கீழே, கோஷி: இடுப்பு.

விழுந்து விழுந்து சிரித்தான். அப்புறம் சிரிப்பு நின்றது. கோஷிக்குப் பின்னால் அவள் எப்போதும் 'இதாய்' என்று ஒன்று சேர்ப்பாளே. பக்கத்தைப் புரட்டினான். அதுவும் இருந்தது. இதாய்: வலிக்குது.

நேற்றுப் பழகினவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறாள். அவனிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் போனை எடுத்ததுமே கேட்டான்: "கோஷி இதாய்?"

எஸ்தர் அசையவில்லை. நெட் போய்விட்டதோ என்று நினைத்தான்.

"யாரு சொன்னது உனக்கு?"

"உன் நோட்டுதான். எத்தினி நாளா?"

"ஆச்சு மூணு மாசம். ஆளுங்களத் தூக்கித் தூக்கிப் படுக்கவைக்கணும் இல்ல?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா, வந்துடுன்னுவ."

"சொன்னா இன்னா இப்ப?"

"நீ சொன்னா வந்துடுவன்பா. பாதில வந்தா மறுபடி எடுக்கமாட்டாங்க. அவ்ளோ படிச்சதும் வீணு."

'வந்துடு' என்கிற அந்த ஒரு வார்த்தை பதினாலு மாசமாக அவன் வாயில்தான் இருந்தது. சொல்லியிருந்தால் அடுத்த வாரமே வந்து இறங்கியிருப்பாள்.

"வலது பக்கமா, இடது பக்கமா?"

எஸ்தர் எழுந்து, முதுகைக் காட்டித் திரும்பி, விரலை வைத்துக் காட்டினாள். அவன் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனான்.