பத்து இலட்சத்து ஒன்று

ஈரத் துணியும் வெண்கட்டித் தூளும் கலந்த ஒரு வாசனை. சுனாமி அலையடித்த பிறகு எங்கள் ஊரான மாங்கேணியிலிருந்து ஓடிவந்த நாங்கள் தங்கியிருந்த கிரான் பள்ளிக்கூட வகுப்பறை அப்படித்தான் மணந்தது. அங்கிருந்த கரும்பலகையில் நான் 1000001 என்று எழுதி வைத்திருந்தேன். அது மாமா போட்ட புதிர். அம்மாவின் ஒரே தம்பியான அவர் அலைக்குச் சில நாள் முன்தான், "பத்து லட்சத்தப் பாதியாக்கலாம், அஞ்சாப் பிரிக்கலாம். ஒண்டக் கூட்டிப் போட்டா என்ன செய்வாய் புள்ள?" என்று என்னைச் சீண்டியிருந்தார். அலைக்குப் பின் அவரைக் காணவில்லை.

நான் வகுத்துக்கொண்டே இருந்தேன். மூன்றால் வகுத்தால் மீதி இரண்டு; ஏழு, பதினொன்று, பதின்மூன்று, இவற்றில் எதனால் வகுத்தாலும் அதே இரண்டு. தொண்ணூற்றேழு வரை போயும் ஒன்றுமே சரிவரவில்லை. இனி நூறு வந்துவிடும், போதும் என்று நினைத்து, வேறெதனாலும் வகுபடாத "முதன்மை எண்" என்று பெரிதாய் எழுதிவிட்டேன். அதே நாட்களில் அப்பா முகாம் முகாமாய் மாமாவைத் தேடினார். பாலத்துக்கு அப்பால் ஓட்டமாவடியில் முஸ்லிம் சனங்களும் ஒரு முகாம் வைத்திருந்தார்கள். அங்கேயும் பார்ப்போமா என்று அம்மா கேட்டபோது, "எங்கட ஆக்கள் அங்க போவாங்களா?" என்றார் அப்பா. "எல்லாம் பாத்தாச்சு அம்மா" என்று நானும் பெரிய மனுசியாய்ச் சொன்னேன்.

முப்பத்தோராம் நாள், மாமா இறந்துவிட்டார் என்றே முடிவுகட்டி, அவர் படத்துக்கு மாலை போட்டு, படைத்து, அம்மா அழுது ஓய்ந்த நேரத்தில், ஒரு மோட்டார் சைக்கிளின் பின்னால் காலில் கட்டோடு மாமா வந்து இறங்கினார். ஓட்டி வந்தவர் ஓட்டமாவடி முஸ்லிம் ஒருவர், காக்கா என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுவோம். காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்த மாமாவை அவர் வீட்டில்தான் வைத்துப் பராமரித்திருக்கிறார்கள். "இவருக்கு நினைவு வந்ததும் உங்கட முகாமெல்லாம் விசாரிச்சிக்கிட்டு வாறம். எங்கட பக்கம் ஒருத்தரும் தேடி வரல்லியே?" என்றார் காக்கா. கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்போம். படையல் சோற்றையே அவருக்குப் போட வேண்டியிருந்தது. அம்மா அவர் முகத்தைப் பார்க்காமலே பரிமாறினாள். மாமா தன் படத்தைப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கன்" என்று சிரித்தார்.

எல்லாரும் போன பிறகு வெண்கட்டியை எடுத்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன். தொண்ணூற்றேழுக்கு அடுத்த முதன்மை எண்ணான நூற்றொன்றால் வகுத்தேன். ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்று வந்தது, மீதி இல்லை. இன்னும் ஒரே ஒரு முறை வகுத்திருந்தால் போதும். அதன் பிறகு மாமா என்னை "நூறோட நிண்டவ" என்றே கூப்பிட்டார்.

போர் முடிகிற காலத்தில், விசாரணை என்று ஏற்றிச் செல்லப்பட்டவர்களோடு மாமாவும் மறுபடி காணாமற்போனார். அந்தப் பள்ளிக்கூடத்தை இப்போது புதிதாகக் கட்டிவிட்டார்கள், கரும்பலகையும் இல்லை. கணிதம் படிப்பிக்கும் நான் பிள்ளைகளிடம், 1000001-இன் காரணியை ஆயிரம் வரை தேடினால் போதும், அதற்குமேல் தேட வேண்டியதில்லை என்று நிறுவிக் காட்டுகிறேன். வீட்டுக்கு வந்தால் அம்மா குடையும் பையுமாக நிற்கிறாள், வாசலில் காக்காவின் மோட்டார் சைக்கிள்.

"இன்னும் பாக்காத இடம் எது கிடக்கு மகள்?"

யோசித்து, ஒரு இடத்தின் பேரைச் சொல்கிறேன்.