எங்கள் வீட்டுக்குப் பட்லர் ரூம் வந்த கதை

என் மாமனார் மூணாறு மலைக்குப் போய்விட்டு வந்த மறுநாளே எங்கள் வீட்டில் சுவரை இடிக்கும் பேச்சு ஆரம்பித்துவிட்டது. மலையில் தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவருக்கு வண்டிமாடு பிடித்துக் கொடுப்பது அவர் வழக்கம். வேலந்தாவளம் சந்தையில் மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பதில் அவரை விஞ்ச ஆள் கிடையாது. இந்தத் தடவை துரை அவரைப் பங்களாவுக்குள் கூப்பிட்டு, நாற்காலி போட்டு, டீ கொடுத்திருக்கிறார். அதோடு விட்டாரா? இரண்டு மாதம் கழித்துச் சந்தைக்கு நேரிலேயே வருவதாகவும், மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான் என்றும் சொல்லி அனுப்பிவிட்டார்.

மாமனார் வாசலில் உட்கார்ந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னதைச் சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று நானும் மாமியாரும் கேட்டோம்.

"அங்கெல்லாம் சமையக்கட்டுல இருந்து நேரா சோறு வர்றதில்லடா. நடுவுல ஒரு ரூமு. பட்லர் ரூமுன்னு பேரு. பீங்கானெல்லாம் அடுக்கி வெச்சிருக்கறான். சமைச்சது அங்க வந்து, தட்டுக்கு மாறி, அப்பறந்தான் மேசைக்கு வருது. நம்மூட்ல சட்டியோட தூக்கிக்கிட்டு ஓடி வர்றீங்க. பாத்தா துரை என்ன நெனப்பாரு?"

சட்டியோடு ஓடுகிறவள் நான்தான். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பொய் சொல்வானேன், அந்த ரூம் மேல் எனக்கும் ஆசை வந்துவிட்டது. மாமியாருக்கும்தான். அன்று மத்தியானமே இரண்டு பேரும் சமையல்கட்டுத் தரையில் கரித்துண்டால் கோடு போட்டுப் பார்த்தோம். கீழ்த்தட்டில் கடலை எண்ணெய் டின். அதற்கு மேல் ஊறுகாய் ஜாடிகள். கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில் பீங்கான். மீந்த பண்டத்துக்குக் கம்பிவலை அடித்த பெட்டி, அதன் கால் நான்கும் தண்ணீர்க் கிண்ணத்தில் நின்றால் எறும்பு ஏறாது. பாத்திரம் கழுவ உள்ளேயே ஒரு தொட்டி. "தொட்டி எச்சப் பாத்தரத்துக்குன்னா அது தனி மூலைல இருக்கோணும் அம்மணி, சோத்துப் பக்கம் வரப்படாது" என்றார் மாமியார். சுத்தம், தீட்டு, எச்சில் என்றால் அவர் யாருக்கும் இளைத்தவரில்லை. நான் கல்யாணமாகி வந்த புதிதில், ஒதுங்க வேண்டிய நாளில் தெரியாமல் உப்பு மொடாவைத் தொட்டுவிட்டேன். மொடாவோடு கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டினார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொட்டியதே போதாதா?

இந்தச் சந்தோஷமெல்லாம் ஓவர்சியர் வருகிறவரைக்கும்தான்.

பட்லர் ரூம் கட்ட மாமனார் பாலக்காட்டிலிருந்து வரவழைத்த மலையாளத்துக்காரர் அவர். சங்கிலியும் காகிதமுமாக வீட்டைச் சுற்றி அளந்துகொண்டே வந்தவர், சமையல்கட்டுக்கும், ஆசாரம் என்று நாங்கள் சொல்லும் முன்கட்டுக் கூடத்துக்கும் நடுவில் இருந்த ஒரு சின்ன அறை முன்னால் நின்றுவிட்டார். அந்த அறைக்கு வீட்டுக்குள்ளிருந்து வழி கிடையாது. இரண்டு பக்கமும் முழுச் சுவர். வெளிப்பக்கம் பார்த்து ஒரே ஒரு கதவு.

"இந்த ரூம் எதுக்காணு? ஆரும் புழங்கற மாதிரி இல்லையே?"

ஆண்கள் யாரும் பக்கத்தில் இல்லை. கதவுக்குப் பின்னாலிருந்து மாமியார்தான் பதில் சொல்லியாக வேண்டும். பொய் சொல்ல அவருக்கு வராது. "அது தூரத்துக்குங்க" என்றார்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் மாதாமாதம் மூன்று நாள் ஒதுங்கியிருப்பதற்குத் தூரம் என்று பெயர். அதற்குத்தான் அந்த அறை. பாவம், ஓவர்சியருக்கு அது எங்கே தெரியும்?

"ஓ, தூரத்துந்நு வர்ற ஆளுகளுக்கா! அப்போ ரொம்ப நல்லதாச்சு. விருந்தாளிக்குன்னு உள்ள ரூமைத்தானே விருந்துக்கு எடுக்கணும்? சுவருல அந்தப் பக்கம் ஒரு கதவு, இந்தப் பக்கம் ஒரு கதவு தட்டினா மதி, போதும். பட்லர் ரூம் ரெடி!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று நினைத்துத் திரும்பினேன். இல்லை, முகம் வெளுத்துப்போயிருந்தது.

சாயங்காலம் மாமனார் வந்ததும் ஓவர்சியர் காகிதத்தை விரித்தார். "உங்க தூரத்து ரூம் இருக்கே, அதை எடுத்தா காரியம் முடிஞ்சுது" என்று வாசல் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். மாமனார் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். அந்த அறை எதற்கென்று அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் அதை அன்னிய ஆம்பிளையிடம் எந்த வாயால் சொல்வது? தரையைப் பார்த்தார், மோட்டுவளையைப் பார்த்தார். கடைசியில், "ஆமாங்க, ஆமாங்க. தூரத்துக்குத்தானுங்க" என்றார். "அப்போ எடுக்கட்டே?" "எடுத்துக்குங்க." ஒரு வெட்கத்தில் அறை போய்விட்டது.

அந்த அறை எனக்கு என்னவென்று இங்கே சொல்லிவிட வேண்டும். தீட்டு என்று தள்ளி வைக்கும் இடம்தான். தட்டும் தனி, பாயும் தனி. வந்த புதிதில் அங்கே உட்கார்ந்து அவமானத்தில் அழுதிருக்கிறேன். போகப் போகத்தான் இன்னொன்று புரிந்தது. மாதம் முழுக்க அம்மி, உலக்கை, மாடு, களம் என்று ஓடுகிற எங்களை அந்த மூன்று நாள் யாரும் கூப்பிட முடியாது. கூப்பிட்டால் அவர்களுக்குத்தான் தீட்டு. மாமியாருக்கோ அந்த நாட்களில் இடுப்பு ஒடிந்துவிடுகிற வலி, நிற்காத போக்கு. அந்த அறைக்குள் போனதும் பாயில் சுருண்டு படுத்துவிடுவார். அவர் பகலில் படுத்து நான் பார்த்தது அங்கே மட்டும்தான்.

அன்று இரவு சோறு போடும்போது வீட்டுக்காரரிடம் கேட்டேன். "ஏனுங்க, உங்கப்பாருகிட்டச் சொல்லுங்க. வேற பக்கம் கட்டச் சொல்லுங்க."

"நான் எப்புடிப் புள்ள அதையப் போயி அப்பங்கிட்டப் பேசறது? உனக்கு வெக்கமே இல்லையா?"

"இடிக்கறதுக்கு வெக்கமில்ல, சொல்றதுக்கு வெக்கமா?"

பாதிச் சோற்றில் கையை உதறிவிட்டு எழுந்துவிட்டார். மறுநாள் எப்படியோ, யார் வழியாகவோ மாமனாரின் தீர்ப்பு வந்து சேர்ந்தது. வீட்டுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார். "கட்டுத்தரைல கெழக்கு மூலைல ஒரு தட்டி கட்டிக் குடுத்தரலாம்னு சொல்றாங்க."

கட்டுத்தரை என்றால் மாடு கட்டுகிற கொட்டில்.  துரையின் பீங்கானுக்குச் சுண்ணாம்புச் சுவர், தேக்கு அலமாரி. வீட்டுப் பெண்களுக்கு எருமைக்குப் பக்கத்தில் ஓலைத்தட்டி. நான் கத்தியிருப்பேன். மாமியார் கத்துவார் என்று காத்திருந்ததால்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். எச்சில் பாத்திரம் எந்த மூலையில் இருக்க வேண்டும் என்று அத்தனை சட்டம் பேசியவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பெரிய அதிர்ச்சி.

சுவரைத் தட்டினார்கள். கண்ணெதிரே அலமாரி வந்தது, கண்ணாடிக் கதவு வந்தது, துத்தநாகத் தகடு பதித்த தொட்டி வந்தது. நாங்கள் கரியால் போட்ட கோட்டில் ஒன்றுகூடத் தப்பவில்லை. அழகாகத்தான் இருந்தது. அந்த அழகைப் பார்க்கவே எனக்கு வயிறு எரிந்தது.

கொட்டிலுக்கு முதலில் போனவர் மாமியார்தான். ஐப்பசி அடைமழை. தட்டி வழியாகச் சாரல். மூன்றாம் நாள் காலையில் குளித்துவிட்டு வந்தவர் சமையல்கட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எருமை மூத்திரம் பாய்க்கு அடியில் ஓடி வந்ததாம், ராத்திரியெல்லாம் குத்தவைத்தே உட்கார்ந்திருந்தாராம். இதைக்கூட அவர் என்னிடம் சொல்லவில்லை. வேலைக்காரியிடம் மெதுவாகச் சொன்னதை நான் கேட்டேன். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. இந்த வீட்டின் சுத்தத்தையெல்லாம் தலையில் சுமந்தவளை மாட்டு மூத்திரத்தில் உட்காரவைத்துவிட்டார்களே!

துரை வரும் நாள் வந்தது. கெட்ட நேரம், அதற்கு முந்தின நாள்தான் மாமியார் மறுபடி கொட்டிலுக்குப் போயிருந்தார். கோழிக் குழம்பு அவர் கைக்குத்தான் வாய்க்கும். மாமனார் நிலைகொள்ளாமல் தவித்தார். "அம்மணியே பாத்துக்கட்டும்" என்று என் தலையில் கட்டிவிட்டு வாசலுக்கும் ஆசாரத்துக்கும் நடந்தார். பட்லர் ரூம் இருக்கிறது, பட்லர் எங்கே? அதற்கும் ஆள் ஆயிற்று. என் வீட்டுக்காரர் தோளில் வெள்ளைத் துண்டோடு நின்றார். வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

நான் மிளகாயை வறுத்துக்கொண்டிருந்தேன். பின்வாசலில் ஈரப் புடவை சொட்டும் சத்தம். திரும்பினால் மாமியார். கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டு நேரே வருகிறார். நிலையைத் தாண்டி உள்ளே காலை வைத்துவிட்டார். என் கையிலிருந்த கரண்டி நழுவிக் கீழே விழுந்தது.

"அத்தை! இன்னிக்கு ரெண்டாம் நாளுங்க!"

"எனக்குத் தெரியாதா? மொளகா கருகுது பாரு, எறக்கு."

மாற்றுப் புடவை கட்டிக்கொண்டு அடுப்பின் முன்னால் உட்கார்ந்தார்.  சாமி வந்து கேட்கும், வானம் இடிந்து விழும் என்றெல்லாம் நிஜமாகவே நினைத்தேன். அப்படித்தானே என்னை வளர்த்திருந்தார்கள்? குழம்பு கொதித்தது. வாசனை எப்போதும் போலத்தான் இருந்தது. அவரே சட்டியைத் தூக்கிக்கொண்டு பட்லர் ரூமுக்குள் போய், அலமாரியைத் திறந்து, பீங்கான் கிண்ணத்தில் ஊற்றினார்.

அந்த நேரம் பார்த்து மாமனார் சோடா எடுக்க அந்தப் பக்கக் கதவால் உள்ளே வந்தார். மாமியாரைப் பார்த்தார். குழம்பைப் பார்த்தார். மறுபடி மாமியாரைப் பார்த்தார்.  திறந்த கதவுக்கு அந்தப் பக்கம் துரை.

"நீ... நீயி..."

"என்னங்க? என்ன சொல்லோணும், சொல்லுங்க" என்றார் மாமியார். குரலைக் கொஞ்சம்கூடத் தாழ்த்தவில்லை. "துரை காத்துக்கிட்டு இருக்கறாரு. கொழம்பு ஆறுது. கொண்டுக்கிட்டுப் போங்க."

ஓவர்சியரிடம் சொல்ல முடியாத வார்த்தையைத் துரைக்கு முன்னால் எப்படிச் சொல்வார்? கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போனார். போய் உட்கார்ந்து, பிசைந்து, சாப்பிடவும் செய்தார். சாப்பிடாவிட்டால் விருந்தாளி என்ன நினைப்பார்? துரை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் என்று துண்டுக்காரர் வந்து சொன்னபோது மாமியார் தொட்டிக்கருகே தரையில் உட்கார்ந்து இடுப்பை நீவிக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. பக்கத்தில் போய் உட்கார எனக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் உட்கார்ந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். தூரமான நாளில் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு அவர் கொட்டிலுக்குப் போகவே இல்லை. மாமனாரும் கேட்கவில்லை. அடுத்து என் முறை வந்தது. பழக்க தோஷத்தில் பாயை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனேன்.

"எங்க கெளம்பிட்ட? வந்து கொழம்புக்குச் சாந்து அரையி" என்றார் மாமியார்.

வந்து அம்மி முன்னால் உட்கார்ந்தேன். வலி உயிர் போகிறது. அட கடவுளே, தீட்டு போனால் ஓய்வும் சேர்ந்து போய்விடும் என்று எனக்குத் தோன்றவே இல்லையே! அரைக்க அரைக்கக் கோபமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. மாமியார் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என் கையிலிருந்து குழவியை வாங்கினார்.

"எந்திரி. அந்தப் பாயக் கொண்டுபோயி பட்லர் ரூம்ல போடு. அங்கதான் குளுந்திருக்கும். ஆராச்சும் கேட்டா தலைவலின்னு சொல்லு."

படுத்தேன். தலைக்கு மேல் அடுக்கடுக்காகத் துரைக்கு வாங்கிய பீங்கான். கண்ணை மூடப்போகும்போது ஆசாரத்துக் கதவு திறந்தது. கண்ணாடி டம்ளர் எடுக்க வந்த மாமனார் நிலையிலேயே நின்றுவிட்டார். நான் பதறி எழுந்தேன்.

"என்ன அம்மணி?"

"தலைவலிங்க மாமா."

அவர் என்னைப் பார்க்கவில்லை. அலமாரியைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. 

"சரி, சரி. படுத்துக்க" என்றார். டம்ளரை எடுக்காமலே திரும்பிப் போய், கதவைச் சத்தம் வராமல் சாத்தினார்.