குறை எண் 187

பிற்பகல் மணி 2.47. திரையில் முதலில் தெரிந்தது ஒரு மவுஸ் அம்பு. அதற்குப் பின்னால் பால்வீதி மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. அம்பு மட்டும் சனிக் கோளுக்குச் சற்று இடப்பக்கமாக அசையாமல் நின்றது. யாரோ ஓடிப்போய் மேசையில் எதையோ தட்டினார்கள். அம்பு ஒருமுறை துள்ளி, சூரியனைக் குறுக்கே கடந்து, திரையின் மூலையில் மறைந்தது. மண்டபம் கைதட்டியது.

மண்டபம் என்பது பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு கடைவீட்டின் மேல்மாடி. கீழே துணிக்கடை. மேலே நூறு பிளாஸ்டிக் நாற்காலிகள், இரண்டு ஒலிபெருக்கிகள், ஒரு மேடை. அழைப்பிதழில் 'அறிவியல் புனைவுக் கருத்தரங்கு' என்று போட்டிருந்தது. உண்மையில் அது படக்காட்சி. சென்னைக்காரர்கள் எடுத்த ஒரு விண்வெளிப் படத்தை உள்ளூர் ரசிகர் ஒருவர் தன் வீட்டுக் கணினியில் வெட்டி ஒட்டி, புதுப் படமாக ஆக்கியிருந்தார். தயாரித்தவர்களிடம் அனுமதி வாங்கவில்லை என்பதால் அது கருத்தரங்கு ஆயிற்று.

ரசிகருக்கு முப்பது வயதிருக்கும். சிம்பாங் அம்பாட்டில் வீடு, பாயான் லெப்பாஸில் சிப் செய்யும் தொழிற்சாலையில் வேலை. தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளர். பத்திரிகை மேசையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் நான் ஞாயிறு பக்கத்துக்குப் பட விமர்சனம் எழுதிவருகிறேன். அதனால் ஒரு வாரம் முன்னால் என்னைத் தேடி வந்தார். கையில் சுருள் கம்பி போட்டுக் கட்டிய ஒரு புத்தகம் இருந்தது.

"அக்கா, நீங்க கண்டிப்பா எழுதணும். இது குறைப் பட்டியல். மொத்தம் இருநூத்திப் பன்னண்டு."

தொழிற்சாலையில் பழுதான சிப்புக்குப் போடுவதைப் போலவே படத்தின் ஒவ்வொரு காட்சிக்கும் எண், குறையின் வகை, எடுத்த நடவடிக்கை என்று கட்டம் கட்டி எழுதியிருந்தார். நடவடிக்கை என்ற கட்டத்தில் எல்லா இடத்திலும் ஒரே சொல்: நீக்கம். படத்தின் மூல நீளம் இரண்டு மணி ஐம்பத்தோரு நிமிடம். அவருடைய 'தூய பதிப்பு' ஒரு மணி ஐம்பத்தெட்டு நிமிடம். ஐம்பத்து மூன்று நிமிட அழுக்கு போயிருந்தது.

அந்த ஐம்பத்து மூன்று நிமிடத்தையும் நிகழ்ச்சியை நடத்திய சங்கம் திருப்பிக் கொடுத்துவிட்டது. ஒன்றரைக்குத் தொடங்க வேண்டிய நிகழ்ச்சிக்குச் சிறப்பு விருந்தினர் 1.54க்கு வந்தார். அதிலிருந்து 2.47 வரை பேச்சு. வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, ஆறு பொன்னாடை. விருந்தினர் பேசும்போது, தமிழர்கள் வேகமான உலகில் நேரத்தை மதிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். பேசி முடித்ததும் வேறொரு நிகழ்ச்சி இருப்பதாகச் சொல்லிப் படம் பார்க்காமலே போய்விட்டார்.

அந்த நேரத்தில்தான் பக்கத்து நாற்காலிக்காரர் என்னிடம் பேசினார். அறுபதை நெருங்கியவர், முழுக்கைச் சட்டை, மடிப்புக் கலையாத கால்சட்டை. அவருக்கு அந்தப் பக்கம் மனைவி, மகள், மருமகன், பேரப்பிள்ளைகள், தங்கை குடும்பம் என்று வரிசை நீண்டது. அவரோடு சேர்த்து ஒன்பது பேர். பாகான் டாலாமிலிருந்து ஃபெரி பிடித்து வந்திருந்தார்கள்.

"நீங்கதான் பேப்பர்ல எழுதுறவங்களா? படத்துல நான் வருவேன்மா."

"எங்கே?"

"கேட்டுல. ராக்கெட்டுக்குப் போற வழியில."

அந்தப் படத்தின் ஒரு பகுதியைப் பினாங்கில்தான் எடுத்தார்கள். நம் பாலமும் கடலோர அடுக்குமாடிகளும் 2140ஆம் ஆண்டின் பூமியாக நடித்தன. அப்போது இவர் டோல் சாவடியில் காசு வாங்கிக்கொண்டிருந்தார். வாயிற்காவலனாக நடிக்கவேண்டிய நடிகருக்கு அன்று காய்ச்சல். இவரைப் பிடித்து வெள்ளி நிறச் சட்டையை மாட்டி நிறுத்திவிட்டார்கள். கதாநாயகனின் கார் வரும். இவர் தடுப்புக் கம்பைத் தூக்குவார். 'போ தம்பி, நான் பாத்துக்கிறேன்' என்பார். கார் போனதும் கம்பை இறக்கிவிடுவார். பின்னால் துரத்திவரும் வில்லனின் மூன்று கார்கள் நின்றுவிடும். மொத்தம் பதினான்கு வினாடி.

"தியேட்டர்ல போட்டப்ப எனக்கு அந்த வாரம் பூரா ஷிப்ட்டு. லீவு கெடைக்கறதுக்குள்ள படத்தைத் தூக்கிட்டாங்க," என்றார். பிறகு உள்ளங்கையைக் காட்டினார். "இந்த சைஸ்லதான் என்னைய நான் பாத்திருக்கேன். மகள் போன்ல."

"பாட்டரி போற வரைக்கும் பாப்பாரு," என்றார் அவர் மனைவி, முன்னால் பார்த்தபடியே.

குறைப் பட்டியல் என் மடியில் இருந்தது. அதை நான் முழுதாகப் படித்திருக்கவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு குறைகளை யார் படிப்பார்கள்?

படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கதைப்படி பூமியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. கதாநாயகன் சனியின் ஒரு நிலாவுக்குப் போய்ப் பனிக்கட்டி கொண்டுவருகிறான். மூலத்தில் அவனுக்கு ஓர் அம்மாவும் ஒரு காதலியும் ஐந்து பாட்டும் உண்டு. தூய பதிப்பில் ஐந்து பாட்டும் இல்லை. காதலி பாட்டுகளில்தான் அதிகம் வருவாள் என்பதால் அவளும் ஏறக்குறைய இல்லை. கடைசியில் கதாநாயகன் பனிமேல் மண்டியிட்டு ஒரு பெண்ணின் புகைப்படத்தைப் பார்த்துத் தேம்பி அழுகிறான். "யாரு அது?" என்று முன்வரிசையில் ஒரு குழந்தை கேட்டது. யாருக்கும் தெரியவில்லை.

வில்லனுக்கு ஏன் கோபம் என்பதும் ஒரு பாட்டுக்கு நடுவில் இருந்த விஷயம். பாட்டோடு காரணமும் போனது. ஆகவே வில்லன் படம் முழுக்கத் தொழில்முறையில் கோபப்படுகிறான். கதாநாயகன் நீலச் சட்டையில் தொடங்கும் வாக்கியத்தைச் சிவப்புச் சட்டையில் முடிக்கிறான். அம்மா 'சாப்பிட்டுப் போப்பா' என்று சொல்லும் காட்சி குறை எண் 41, வகை: தாமதம்.

விண்கலம் வெடித்தது. திரை முழுக்க நெருப்பு, சத்தமில்லை. பத்து வினாடி கழித்து ஒருவர் எழுந்துபோய் ஒலிபெருக்கியைத் தட்டினார். பின்னாலிருந்து ஒரு குரல்: "டேய், சவுண்ட் போச்சு லா! வயரைப் பாரு!"

பொறியாளர் இருட்டில் எழுந்து நின்றார். "அண்ணே, சவுண்ட் போகல. விண்வெளியில காத்து இல்ல, அதனால சத்தம் வராது. அதான் சயின்ஸ்."

"சயின்ஸ் கெடக்கட்டும். வெடிச்சா சத்தம் வரணும் லா தம்பி."

ஒலிபெருக்கியைத் தட்டியவர் நம்பவில்லை. இன்னொருமுறை தட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

காற்றில்லாத அதே நிலாவில் கதாநாயகன் தலைக்கவசம் இல்லாமல், முடி பறக்க, மெதுவாக இரண்டு நிமிடம் நடந்து வருகிறான். பின்னணியில் இசை முழங்குகிறது. அது முழுதாக இருந்தது. ஒரு வினாடிகூட வெட்டவில்லை. இதை மட்டும் நான் பிறகு பொறியாளரிடம் கேட்டேன்.

"இது குறை இல்லையா தம்பி?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "அக்கா, அது தலைவரு லா."

வாயிற்காட்சி வந்தபோது மணி 4.20. அது நெருங்குவதைப் பக்கத்து வரிசையே சொல்லிவிட்டது. ஒன்பது பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தங்கை பேத்தியை மடிக்கு ஏற்றிக்கொண்டார். மகள் போனை உயர்த்திப் பதிவைத் தொடங்கினார். கதாநாயகனின் கார் பாலத்தில் சீறி வந்தது, திறந்த சாலையில் அப்படியே போனது. பின்னால் வில்லனின் மூன்று கார்கள் வந்தன. டயர் தேய நின்றன. அவற்றுக்கு முன்னால் எதுவும் இல்லை. வில்லன் இறங்கி, ஒன்றுமில்லாத சாலையைப் பார்த்து, பானெட்டை ஓங்கிக் குத்தினான். அடுத்த காட்சியில் ராக்கெட்.

"பின்னால வரும்போல," என்றார் என் பக்கத்துக்காரர்.

"ராக்கெட்டு ஏறுனப்புறம் கேட்டு எதுக்கு?" என்றார் மனைவி.

மகள் போனை இறக்கவில்லை. படம் முடியும்வரை அது உயர்ந்தே இருந்தது. கடைசியில் பெயர்கள் ஓடும்போதாவது ஏதாவது வரும் என்று பார்த்தார்கள். மூலப் படத்தின் பெயர்கள் குறை எண் 212. அந்த இடத்தில் பொறியாளரின் பெயரும், உதவிய மூன்று நண்பர்களின் பெயரும், கணினியின் மாடலும் வந்தன.

விளக்குப் போட்டார்கள். மீகூன் பொட்டலமும் தேநீரும் வந்துகொண்டிருந்தபோது பொறியாளர் மைக்கைப் பிடித்துக் கருத்துச் சொல்லச் சொன்னார். இரண்டு பேர் 'ஹாலிவுட் தரம்' என்றார்கள். மூன்றாவதாக என் பக்கத்துக்காரர் எழுந்தார்.

"தம்பி, நல்லா பண்ணியிருக்கீங்க. அந்த கேட்டுல ஒரு ஆளு நிப்பாரே…"

"ஆங், குறை நூத்தி எம்பத்தேழு!" பொறியாளருக்கு முகம் மலர்ந்தது. மனப்பாடமாக வைத்திருந்தார். "லாஜிக் எரர் அங்கிள். ரெண்டாயிரத்து நூத்தி நாப்பதுல டோல்ல எப்படி ஆளு நிப்பாங்க? இப்பவே இல்ல. எல்லாம் மெஷின்தான்."

"ஆமா தம்பி. இப்பவே இல்ல," என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார்.

உண்மையிலும் அப்படித்தான். சாவடியில் காசு வாங்குவதை நிறுத்தியபோது அவரையும் அங்கிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளி. அங்கும் கம்பைத் தூக்குகிறார்.

அவர் மனைவி எழுந்தார். மைக் தேவைப்படவில்லை.

"அந்த ஆளு இவருதான்."

மண்டபம் திரும்பிப் பார்த்தது. யாரோ கைதட்டத் தொடங்கி, இது கைதட்டும் இடமா என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டார்.

"சாரி ஆன்ட்டி, தெரியாது," என்றார் பொறியாளர். "ஆனா லாஜிக்குன்னு ஒண்ணு…"

"லாஜிக்கா? சரி. அந்த மூணு காடியும் ஏன் நின்னுச்சு?"

பொறியாளர் குறைப் பட்டியலின் தன் பிரதியை எடுத்தார்.

"சொல்லுங்க தம்பி. ரோட்டுல ஒண்ணுமில்ல. பெட்ரோல் தீந்துபோச்சா? மூணுக்கும் ஒண்ணாவா?"

மண்டபமே சிரித்தது. மீகூன் பரிமாறியவர்கூடத் தட்டை வைத்துவிட்டுச் சிரித்தார். பொறியாளர் புத்தகத்தைப் புரட்டினார். இருநூற்றுப் பன்னிரண்டில் அந்தக் குறை இல்லை. நண்பர்களில் ஒருவர் மைக்கை வாங்கி நன்றியுரை சொல்லத் தொடங்கினார்.

படிக்கட்டில் இறங்கும்போது மகளின் எண்ணை வாங்கிக்கொண்டேன், எழுதினால் சொல்வதாக. அவருடைய அப்பா சொன்னார்: "போன்ல இருக்குதும்மா. அதுவே போதும்." பேரன் மட்டும் ஃபெரி வரைக்கும் கேட்டுக்கொண்டே போயிருப்பான்: தாத்தா எப்ப வந்தாரு? நான் பாக்காதப்பவா?

விமர்சனம் அடுத்த ஞாயிறு வந்தது. ஒலியில்லாத வெடிப்பு, சட்டை மாறும் வாக்கியம், காரணமில்லாத வில்லன் எல்லாம் எழுதினேன். கடைசிப் பத்தியில் வாயிற்காட்சியை எழுதினேன். கதாநாயகன் தப்பிப்பது ஒரு வாயிற்காவலனால்தான், அவனை எடுத்தால் கதை அந்த இடத்தில் இடிந்துவிழுகிறது, அங்கே நடித்தவர் நாலு சொல்லில் செய்ததைக் கதாநாயகன் இரண்டு நிமிட நடையில் செய்யவில்லை என்று எழுதினேன். பதினான்கு வினாடியைத் திரும்பச் சேர்க்கவேண்டும் என்று மட்டும் எழுதவில்லை. அது சொல்லாமலே விளங்கும் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை பொறியாளர் அழைத்தார். நான் திட்டியதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டிருந்தார், அல்லது அப்படிக் காட்டிக்கொண்டார்.

"அக்கா, நல்ல ரீச். எல்லாரும் ஷேர் பண்றாங்க. ஆன்லைன்ல மட்டும் அந்தக் கடைசிப் பத்திய எடுத்துற முடியுமா?"

"ஏன்?"

"ஃப்ளோ கெடுது அக்கா."

முடியாது என்றேன். அவர் கோபப்படவில்லை.

"பரவால்ல. ஆனா ஒண்ணு, நீங்க எழுதுனது கரெக்ட். அந்த ஆன்ட்டி சொன்னதும் கரெக்ட். கேட்டு சீன்ல குறை இருக்கு. நேத்து உக்காந்து சரிபண்ணிட்டேன். வர்ற ஞாயிறு மறுபடி போடுறோம். இந்தத் தடவ பேச்சு கீச்சு கெடையாது."

எப்படிச் சரிசெய்தார் என்று நான் கேட்கவில்லை. செய்தி மேசையில் ஒரு புது நிருபர் இப்படிக் கேட்காமல் விட்டிருந்தால் நான் விட்டிருக்கமாட்டேன். போனை வைத்ததும் மகளை அழைத்து, சரிசெய்துவிட்டார்களாம், ஞாயிறு வாருங்கள் என்றேன். அவர் அங்கேயே அப்பாவிடம் கத்திச் சொன்னது எனக்குக் கேட்டது. "இந்த மாசம் லீவு முடிஞ்சுபோச்சு," என்றது அவர் குரல். பிறகு, "ஷிப்ட்டு மாத்திக்கிறேன்னு சொல்லு," என்றார்.

ஞாயிறன்று பதின்மூன்று பேர் வந்தார்கள். சம்பந்தி வீட்டாரும் வந்திருந்தார்கள். முன்வரிசை முழுக்க அவர்கள்தான். அவர் அதே முழுக்கைச் சட்டையில் நடுவில் உட்கார்ந்திருந்தார். மனைவி இந்தமுறை கண்ணாடி கொண்டுவந்திருந்தார்.

சரியாக இரண்டு மணிக்குப் படம் தொடங்கியது. அம்பு வரவில்லை. கதாநாயகனின் கார் பாலத்தில் சீறி வந்தது, திறந்த சாலையில் அப்படியே போனது. அடுத்த காட்சியில் ராக்கெட். வில்லனின் மூன்று கார்களும் இப்போது படத்தில் இல்லை.

புதிய பதிப்பின் நீளம் ஒரு மணி ஐம்பத்தேழு நிமிடம் முப்பத்தெட்டு வினாடி. முதல் பதிப்பைவிட இருபத்திரண்டு வினாடி குறைவு.