வண்டி படுத்த நாட்கள்

எங்கள் லாரி தண்டலத்துக்குப் பக்கத்தில் வெள்ளைப் புகை கக்கி நின்றுவிட்டதாக என் வீட்டுக்காரர் போன் செய்தபோது, நான் ஒரகடத்தில் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். "ஆயிலு பால் டீ மாதிரி கீதுமே. தண்ணி உள்ள பூந்துடுச்சு," என்றார். குரலே உடைந்திருந்தது. நானும் "ஐயையோ" என்றேன். ஆனால் மனசுக்குள் எனக்கு வந்தது சந்தோஷம்தான், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த மனுஷன் என்னோடு இருந்ததைவிட அந்த லாரியோடு இருந்ததுதான் அதிகம். கார் உதிரிபாகம் ஏற்றிக்கொண்டு புனே, அகமதாபாத், இந்தூர் என்று போவார். வந்தால் துவைத்துப் போட்ட துணி காயும்வரை வீட்டில் இருப்பார். சில நேரம் அதுகூடக் காயாது, ஈரத்தோடு மடித்து எடுத்துக்கொண்டு போவார்.

வண்டியை வாலாஜாபாத் ரோட்டில் ஒரு தகர ஷெட்டுக்கு இழுத்து வந்தார்கள். மெக்கானிக் தம்பி இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினான். ஹெட்டுக்கும் கீழே இருக்கிற பிளாக்குக்கும் நடுவில் தண்ணீரையும் ஆயிலையும் பிரித்து வைக்கிற கேஸ்கெட் எரிந்து போயிருந்தது. ஹெட்டை லேத் பட்டறைக்கு அனுப்பி முகத்தைச் சமமாக இழைத்து வாங்க வேண்டும், பிளாக்கின் முகத்தை இங்கேயே சுரண்டித் துடைத்துவிடலாம் என்றான்.

அன்றைக்கு இவர் ஒன்று சொன்னார். "இந்த ஒரு தபா கட்டி ஓட்டிப் பாக்கறேன். மறுபடி லீக் ஆச்சுன்னா வித்துத் தொலைச்சிட்டு, இருங்காட்டுக்கோட்டையில கம்பெனி ஸ்டாஃப் பஸ் ஓட்டப் போயிடறேன்."

ஸ்டாஃப் பஸ்! காலையில் ஆட்களை ஏற்றி கம்பெனியில் விட்டு, சாயந்திரம் திரும்ப இறக்கிவிட்டு, வீட்டுக்கு வந்து கால் கழுவுகிற வேலை. தினமும் சாயந்திரம் வீட்டுக்கு வருகிற புருஷன் என்றால் எப்படி இருக்கும் என்று எனக்கு நினைத்துப் பார்க்கக்கூடத் தெரியவில்லை. அவர் முன்னால் மட்டும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டேன்.

ஷிப்ட் முடிந்ததும் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு நேராக ஷெட்டுக்குப் போய்விடுவேன். அவர் பிளாக் மேல் குனிந்து, ஒட்டிக் கருகிப்போன பழைய கேஸ்கெட்டைச் சுரண்டிக்கொண்டிருப்பார். நான் ஒரு பழைய டயரில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பேன். ஒருநாள் என் முழங்கையைப் பார்த்து, "இன்னா தழும்புமே இது?" என்றார். குக்கர் சுட்டது, போன வருஷம் என்றேன். "எனக்குத் தெரியவே தெரியாதே," என்று ஆயில் படாத விரலால் அதைத் தொட்டுப் பார்த்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சோறு ஆறுகிறது, சாப்பிடு மாமா என்று எரிந்து விழுந்தேன்.

என் வேலையும் இன்ஜினில்தான். கம்பெனியில் இன்ஜின் பூட்டுகிற லைனில், அதன் அடிப்பக்கம் ஆயில் தொட்டியைப் பொருத்துகிற இடம் என்னுடையது. இரண்டு முகங்களையும் துடைத்து, பார்த்து, பசை வைத்து மூடி அனுப்ப வேண்டும். துடைத்த பிறகு விரல் படக்கூடாது. எங்கள் தலைக்கு மேல் ஒரு மஞ்சள் கயிறு தொங்கும். எதிலாவது குறை கண்ணில் பட்டால் அதை இழுக்க வேண்டும். லைன் நிற்கும், எச்சரிக்கைப் பாட்டு அடிக்கும், சூப்பர்வைசர் ஓடி வருவார். இழுத்ததற்கு யாரும் திட்ட மாட்டார்கள், பார்த்தும் பேசாமல் விட்டால்தான் தொலைந்தோம். இந்தப் பழக்கம் எனக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. வீட்டில் தோசை ஓரம் கருகினால்கூட என் கை தானாக மேலே போகும்.

ஹெட் பளபளவென்று திரும்பி வந்தது. மெக்கானிக் தம்பி பிளாக் மேல் இரும்பு ஸ்கேலை வைத்துக் குறுக்கும் நெடுக்கும் பார்த்தான். "சூப்பரா கீது அண்ணி. நாளைக்கு ஹெட் மாட்டிடலாம்," என்றான். அவனும் இவரும் டீ குடிக்க வாசலுக்குப் போனார்கள். நான் சும்மா இருக்கக் கூடாதா? டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். தண்ணீர் போகிற ஓட்டையை ஒட்டி, துரு அரித்த ஒரு குழி. கடுகளவுதான். நகத்தை ஓட்டினால் மாட்டியது. ஸ்கேல் அதன் மேலேயே தாண்டிப் போயிருக்கிறது.

எனக்குப் புரிந்துவிட்டது. இப்படியே மூடினால் கொஞ்ச காலம் ஓடும், அப்புறம் தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும். வண்டியை விற்பார். சாயந்திரமானால் வீட்டுக்கு வருவார். வாயை மூடிக்கொண்டு இருடி, சாமியே பார்த்துக் கொடுத்த குழி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர்கள் டீ குடித்து முடிக்கும்வரை மூடிக்கொண்டும் இருந்தேன். ஆனால் அது எங்கே போய் நிற்கும்? ஏதோ ஒரு மலையேற்றத்தில், பாஷை தெரியாத ஊரில், தனியாக. அந்த வண்டி அவருக்கு உயிர் வேறு. பாழாய்ப்போன வாய் கயிற்றை இழுத்துவிட்டது.

"மாமா, இங்க ஒரு குழி கீது."

அவர் முகம் செத்துப்போயிற்று. வண்டிக்காக வருத்தப்படுகிறார் என்றுதான் நினைத்தேன். குனிந்துகூடப் பார்க்கவில்லை.

இன்ஜின் முழுசாகக் கீழே இறங்கியது. பிளாக்கும் பட்டறைக்குப் போய் இழைத்து வந்தது. இறக்கியதுதான் இறக்கினோம் என்று லைனர், பிஸ்டன், பேரிங் எல்லாம் மாற்றினார்கள். அதனால் எனக்கு இன்னும் சில நாள் கிடைத்தது. ஆயில் தொட்டியை மட்டும் நான்தான் மூடுவேன் என்று அடம்பிடித்து, பசையை எங்கேயும் அறுபடாமல் ஒரே கோடாகப் போல்ட் ஓட்டைகளைச் சுற்றிக் கொண்டுபோனேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி ஸ்டார்ட் செய்தார்கள். எங்கேயும் ஒரு சொட்டு இல்லை. மறுநாளே லோடு ஏற்றிக்கொண்டு புனேவுக்குப் போய்விட்டார்.

ஹூப்ளி பக்கத்தில் வண்டியை ஓரம் கட்டி, இன்ஜினை அணைக்காமலே போன் செய்தார். "ஒண்ணு சொல்றேன், திட்டாத. அந்தக் குழிய நான் அன்னிக்குக் காலையிலயே பாத்துட்டேன்."

"பாத்துட்டு?"

"ஒண்ணும் சொல்லாம தொடச்சி வுட்டேன். மூடட்டும்னு. நானா வித்தா, வண்டி வச்சிப் பொழைக்கத் துப்பில்லன்னு ஊரே சிரிக்கும். அதுவா படுத்துக்கினா யாரு இன்னா கேக்கப்போறா? வூட்டோட இருக்கலாம்னு பாத்தேன். நீ ஏம்மே சொன்ன?"

"அடப்பாவி! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கத்தினேன். அப்புறம் அழுதேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இந்த லோட எறக்கிட்டு வா மாமா. வித்துடலாம்," என்றேன்.

போனில் இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டது. நான் லைனில் பழகிய காதோடு கேட்டேன். ஒரு தட்டல் இல்லை, ஒரு பிசிறு இல்லை.

"எதச் சொல்லி விக்கிறது?" என்றார். "புதுசாட்டம் ஓடுதே."

அவ்வளவு நன்றாக மூடியிருந்தோம், இரண்டு பேரும் சேர்ந்து.